சேர்ந்துகிடக்கும் படங்களைப் பிவிகோவில் காட்சிக்கு வைத்தல்

பல ஆண்டுகளாகக் கோப்புறை கோப்புறையாகச் சேர்ந்துவிட்ட பல்லாயிரம் புகைப்படங்களை உலாவியின் வழியே பதிவேற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. இணையத்தில் படத்தொகுப்பு அமைக்க உதவும் பிவிகோ என்னும் கட்டற்ற மென்பொருளில், கோப்புறை அமைப்பைக் குலைக்காமல் சர்வரிலுள்ள ‘கேலரீஸ்’ கோப்புறைக்குள் எஃப்டிபி (கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் முறை) மூலம் அவற்றை நகலெடுத்து, அங்குள்ள கோப்புகளைப் படித்துச் சேர்த்துக்கொள்ளும் ஒத்திசைவை நிர்வாகப் பக்கத்தில் இயக்கினால், ஒவ்வொரு கோப்புறையும் ஓர் ஆல்பமாகிவிடும்.

அதற்கு முன் பெயர்களைச் சரிசெய்ய வேண்டும். இதில் அவசரம் கூடாது. இயல்பான அமைப்பில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, இணைகோடு, அடிக்கோடு ஆகியவை மட்டுமே ஏற்கப்படுவதால், தமிழ் எழுத்தோ இடைவெளியோ கொண்ட பெயர்கள் விடுபட்டுப்போகும். ‘1998 பொங்கல்’ என்ற கோப்புறையின் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டு, ஆல்பத்தின் தமிழ்த் தலைப்பைப் பின்னர் நிர்வாகப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஒத்திசைத்த பிறகு கோப்புறையின் பெயரை மாற்றினால், மென்பொருள் அதைப் புதிய ஆல்பமாகவே கொள்ளும் என்பதால், அதுவரை எழுதிய விவரங்களும் குறிச்சொற்களும் அழிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பெயர்கள் அப்படிப் போவது மிகவும் வருத்தத்திற்குரியது.

எனவே முதலில் ஒத்திகையாக மட்டும் இயக்கும் தெரிவைப் பயன்படுத்திப் பிழைப் பட்டியலைப் பாருங்கள். சிறு அளவுப் படங்கள் முதன்முறை பார்க்கப்படும்போதுதான் உருவாகின்றன என்பதால் தொடக்கத்தில் பக்கங்கள் மெதுவாகத் திறக்கும்; அவற்றை முன்கூட்டியே மொத்தமாக உருவாக்கிவைக்கவும் வசதி உண்டு. மூலப் படங்களின் நகல் ஒன்று வேறொரு வட்டில் இருக்கட்டும்.