டான்மெய் நாவலுக்குக் காசு கட்டும் முன்: வென்ஆன் படிக்கும் முறை

சீன இணையத்தில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதல் கதைகளுக்கு ‘டான்மெய்’ என்று பேர். அதில் ஊறிப்போன ரசிகைகள் தங்களை ‘ஃபூன்யூ’ என்பார்கள். ‘கெட்டுப்போன பெண்’ என்று பொருள். ஜப்பானிய ‘ஃபுஜோஷி’யிலிருந்து வந்த கிண்டல். இந்தக் கதைகளின் தாய்வீடு 2003-இல் தொடங்கிய ஜின்ஜியாங் தளம். அங்கே போய் ‘டான்மெய்’ பிரிவைத் தேடாதீர்கள். 2014-இல் அரசு இணையத்தைத் துப்புரவு செய்யக் கிளம்பியபோது அது ‘சுன்ஆய்’, அதாவது ‘தூய காதல்’, ஆகிவிட்டது.

கதையின் முகப்பில் இருக்கும் குறிப்புதான் வென்ஆன். அதை வரி விடாமல் படியுங்கள். முதலில் ஜோடி. இரண்டு பெயர்களில் முன்னால் நிற்பவர் ‘கோங்’ (முன்கை எடுப்பவர்), பின்னால் வருபவர் ‘ஷோவ்’ (ஏற்பவர்). வரிசையை மாற்றி எழுதினால் ரசிகைகளுக்கு அது வேறு ஜோடி, சண்டை உறுதி. ‘ஜூஷோவ்’ என்றிருந்தால் கதை ஷோவின் பார்வையில் நகரும், ‘ஜூகோங்’ என்றால் கோங்கின் பார்வையில். ‘ஹூகோங்’ என்றால் இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். ‘நியென்ஷியா’ என்றால் கோங் வயதில் இளையவர். முடிவு சுபம் என்றால் எச்இ (ஹேப்பி எண்டிங்), சோகம் என்றால் பிஇ (பேட் எண்டிங்).

அடுத்தது ‘லெய்’, அதாவது இடி. எது யாருக்கு ஒவ்வாதோ அதை எழுத்தாளரே முன்கூட்டிச் சொல்லியிருப்பார். படிக்காமல் உள்ளே போய்ப் புலம்பினால் அனுதாபம் கிடைக்காது.

மொழிபெயர்ப்புச் செயலியில் படிப்பவர்கள் கவனிக்கவும்: ‘கோங்’ என்பது ‘தாக்குதல்’ ஆகும், ‘ஷோவ்’ ‘பெறுதல்’ ஆகும். சீனத்தில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவதால், செயலி தானாக ஒரு ‘அவள்’ போட்டு நாயகனைப் பெண்ணாக்கிவிடும். பெயர்களைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

காசு விஷயம்: 1 யுவானுக்கு 100 ஜின்ஜியாங் நாணயம். தொடக்க அத்தியாயங்கள் இலவசம். கதை ‘வி’ (விஐபி, அதாவது கட்டணக் கதை) ஆன பிறகு எழுத்துக் கணக்கில் கட்டணம். ஆயிரம் எழுத்துக்கு 3 ஃபென் (100 ஃபென் ஒரு யுவான்) என்றால் 5 லட்சம் எழுத்துள்ள நாவல் 15 யுவான். நடுவில் அத்தியாயங்களைத் தாண்டி வாங்காதீர்கள். திருட்டைத் தடுக்கப் பல எழுத்தாளர்கள் குறைந்தபட்ச வாங்கல் விகிதம் வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் புது அத்தியாயம் உடனே திறக்காது.

வரிக்கு நடுவே வெற்றுக் கட்டங்கள் வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது தணிக்கை. அடுத்தடுத்த இரண்டு அப்பாவிச் சொற்கள் சேர்ந்து தடைச் சொல்லாகத் தெரிந்தாலும் வடிகட்டி கட்டம் போட்டுவிடும். கழுத்துக்குக் கீழே வர்ணனை கூடாது என்பது தள விதி. மீறினால் அத்தியாயத்துக்குப் பூட்டு. எழுத்தாளர் திருத்தி, மறு பரிசீலனையில் தேறிய பிறகே திறக்கும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கருத்துப் பகுதியில் இன்னொரு நாவலின் பேரை இழுத்து ஒப்பிடாதீர்கள். அதற்கு ‘கேஒய்’ (இடம் பொருள் தெரியாதவர்) என்று வசவு விழும். நிஜ நடிகர்களை ஜோடி சேர்ப்பவர்கள் அதைத் தங்கள் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள், அந்த நடிகர்களின் பக்கத்தில் போய்ச் சொல்லவே மாட்டார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு நடிகரை வைத்து எழுதிய ரசிகர் கதை சண்டையாகி, புகார்களாகப் பெருகி, ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் ஏஓ3 தளமே சீனாவில் முடங்கியது.