புதிதாக வந்த அபுனைவு நூல்: வாங்கும்போதும் வாசிக்கும்போதும் சறுக்கும் இடங்கள்

அபுனைவு நூல் (கதையல்லாத, தகவல்களை வைத்து எழுதப்பட்ட நூல்) ஒன்று கடைக்கு வரும் முதல் வாரத்தில் அதைப் பற்றி வெளியே கேட்கும் பேச்சில் பெரும்பகுதி பதிப்பகமே கிளப்பிவிட்டது. பின்னட்டைப் பாராட்டு, நூலாசிரியரின் பேட்டிகள், முன்பிரதி கிடைத்தவர்கள் போட்ட நட்சத்திரங்கள், எல்லாமே வெளியீட்டு நாளைக் குறிவைத்து மாதக்கணக்கில் திட்டமிட்டு வருபவை. துறை தெரிந்தவர்கள் வரிவரியாகப் படித்து "இந்த இடம் இடிக்கிறது" என்று சொல்ல இன்னும் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். ஆக, சுடச்சுட வாங்குகிறவர் யாரும் இன்னும் உரசிப் பார்க்காத சரக்கைத்தான் வாங்குகிறார். உரசிப் பார்க்கும் வேலையில் ஓரளவை அவரே செய்துகொள்ளலாம். அதைச் செய்யாமல் விடுவதால் வரும் தவறுகளே கீழே உள்ளவை.

வெளியான தேதியைத் தகவலின் தேதியாக நினைப்பது

கையெழுத்துப் பிரதி பதிப்பகத்துக்குப் போன பிறகு செம்மையாக்கம், சட்டப் பார்வை, மெய்ப்பு, சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் கடைசிப் பட்டியல்), அச்சு என்று ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை சாதாரணமாக ஓடிவிடும். எழுதியதற்கு ஆன காலம் அதற்கும் முன்னால். எனவே செயற்கை நுண்ணறிவு, தடுப்பூசி, பொருளாதாரம் போல மாதத்துக்கு மாதம் மாறும் விஷயத்தில் "இப்போதுதான் வந்தது" என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. நூலின் கடைசியில் சான்றுகளைத் தரும் குறிப்புகள் பகுதியைத் திறந்து, எடுத்தாளப்பட்ட கட்டுரைகளிலேயே மிகப் பிந்திய ஆண்டு எது என்று பாருங்கள். நூல் எந்த ஆண்டோடு நின்றுபோனது என்பதை அட்டையைவிட அந்த ஆண்டு சரியாகச் சொல்லிவிடும். வரலாறு, மொழி, இயற்கை பற்றிய நூல்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு வேண்டாம்.

பதிப்புரிமைப் பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு நூலானால் மூல நூல் வெளியான ஆண்டு அங்கே இருக்கும்; எட்டு வருடப் பழைய நூல் புது அட்டையோடு "புதிய வெளியீடு" அலமாரியில் உட்கார்ந்திருப்பது புதிதல்ல. ஒரே நூல் இரண்டு நாடுகளில் இரண்டு தலைப்பில் வருவதும் உண்டு. தலைப்பை நம்பி வாங்கினால் வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்கிவிடுவோம். அதே பக்கத்தில் "10 9 8 7 6 5 4 3 2 1" என்பது போல ஒரு வரிசை இருந்தால், அதிலுள்ள மிகச் சிறிய எண்தான் உங்கள் கையிலிருப்பது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். 1 இருந்தால் முதல் அச்சு. 1-ம் 2-ம் எடுக்கப்பட்டு 3 கடைசியில் நின்றால் மூன்றாவது. இது பழம்பிரதி சேகரிப்பவர்களுக்கு மட்டுமான சங்கதியில்லை. முதல் அச்சில் மாட்டிய தவறுகளைப் பதிப்பகங்கள் அடுத்த அச்சில் சத்தமில்லாமல் திருத்திவிடுவதுண்டு. சேகரிப்பவருக்கு முதல் அச்சு வேண்டும். வாசகருக்கு மூன்றாவதே மேல்.

பின்னட்டையை மதிப்புரையாக எடுத்துக்கொள்வது

பின்னட்டையில் "இந்த ஆண்டின் தவிர்க்கவே முடியாத நூல்" என்று ஒரு பெரிய பெயர் சொல்லியிருக்கும். அந்த வரி கேட்டு வாங்கப்பட்டது. வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே, மெய்ப்புத் திருத்தம்கூட முடியாத பிரதியைப் பதிப்பாசிரியரோ நூலாசிரியரின் முகவரோ தெரிந்த எழுத்தாளர்களுக்கு அனுப்பி இரண்டு வரி எழுதித் தரக் கேட்பார்கள். பாராட்டு கொடுப்பவரும் அதைப் பெறும் நூலாசிரியரும் ஒரே முகவரிடம், ஒரே பதிப்பகத்தில், ஒரே பல்கலைக்கழகத் துறையில் இருப்பது சகஜம். நன்றியுரையைப் புரட்டிப் பாருங்கள், பின்னட்டையில் இருக்கும் பெயர்களில் சில அங்கேயும் தலைகாட்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கப் பதிப்பகமான சைமன் அண்ட் ஷுஸ்டரின் முதன்மைப் பிரிவு, தன் நூலாசிரியர்கள் இனி இப்படிப் பாராட்டு வாங்கி வர வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

சொன்னவர் எவ்வளவு பிரபலம் என்று பார்ப்பதைவிட அவர் என்ன வேலை செய்பவர் என்று பாருங்கள். மூளையைப் பற்றிய நூலுக்கு நான்கு நாவலாசிரியர்களும் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரும் பாராட்டு எழுதி, ஒரு நரம்பியலாளர்கூட எழுதவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

விற்பனைப் பட்டியலும் இதே கதை. மாதக்கணக்கில் சேர்ந்த முன்பதிவுகள் வெளியீட்டு வாரத்தின் விற்பனையாகக் கணக்கில் ஏறுவதால், முதல் வாரம் உச்சியில் இருப்பது விளம்பரத்தின் வலுவைத்தான் காட்டும். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் சில நூல்களின் பக்கத்தில் சிறு குத்துவாள் குறி இருக்கும். மொத்தமாக வாங்கப்பட்டதாகக் கடைகள் தெரிவித்தவை அவை. ஐந்தாவது வாரத்திலும் பட்டியலில் நிற்கும் நூலை வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வாங்குகிறார்கள் என்று ஓரளவு நம்பலாம்.

"பெரிய பதிப்பகம், சரிபார்க்காமலா விட்டிருப்பார்கள்?"

விட்டிருப்பார்கள். சில பத்திரிகைகள் கட்டுரையின் ஒவ்வொரு தகவலையும் சரிபார்க்கத் தனி ஆள் வைத்திருக்கின்றன. நூல் பதிப்பகங்களில் பெரும்பாலும் அந்த வழக்கம் கிடையாது. செம்மையாக்குநர் கட்டமைப்பையும் வாக்கியத்தையும் பார்ப்பார். வழக்கறிஞர் அவதூறு வழக்கு வருமா என்று பார்ப்பார். தகவல் உண்மையா என்பதற்கு ஒப்பந்தப்படி நூலாசிரியரே பொறுப்பு. சரிபார்ப்பவர் வேண்டுமென்றால் நூலாசிரியர் பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டவர்கள் அந்தப் பெயரை நன்றியுரையில் சொல்வது வழக்கம். வாங்குவதற்கு முன் அங்கே தேடிப் பாருங்கள்.

சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 மே மாதம் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் நவோமி உல்ஃப் தன் புது நூலைப் பற்றிப் பிபிசி வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். பேட்டி எடுத்த மேத்யூ ஸ்வீட், நூலின் வாதத்தைத் தாங்கி நின்ற ஒரு சொற்றொடரைச் சுட்டிக்காட்டினார். 19-ஆம் நூற்றாண்டு லண்டன் நீதிமன்றப் பதிவுகளில் "மரணம் பதியப்பட்டது" என்று இருந்ததை, தண்டனை நிறைவேற்றப்பட்டது என்று நூலாசிரியர் புரிந்துகொண்டிருந்தார். சட்டத்தில் அதன் பொருள் நேர்மாறு. மரண தண்டனை ஏட்டில் மட்டும் ஏறும், நீதிபதி அதை வாயால் விதிக்க மாட்டார், ஆள் பிழைத்துக்கொள்வார். அமெரிக்கப் பதிப்பு வெளிவருவதற்குள் பதிப்பகம் அதை நிறுத்தி, பிறகு கைவிட்டது. 2012-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜோனா லேரர் தன் நூலில் பாடகர் பாப் டிலன் சொன்னதாகப் போட்ட மேற்கோள்கள் இட்டுக்கட்டியவை என்று வெளிவந்தபோது அச்சுப் பிரதிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பத்திரிகையாளர்கள், இரண்டும் மாட்டியது வெளியீட்டுக்குப் பிறகு.

குறிப்புகள் பகுதியைத் திறக்காமலே விடுவது

கடையில் நின்றபடி பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. உள்ளேயிருந்து துணிச்சலான ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள். எண்ணோ "ஆய்வுகள் காட்டுகின்றன" என்பதோ இருக்கும் வாக்கியமாகப் பாருங்கள். 112-ஆம் பக்கத்தில் "மாலை நடை போகிறவர்களின் நினைவாற்றல் 40% அதிகம்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாக்கியத்தின் மேல் சிறு எண் இல்லையென்றால் சான்றே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். பக்கம் பாடநூல் போலத் தெரியக் கூடாதென்று பொது வாசகர் நூல்கள் பலவற்றில் குறிப்பெண்ணே போடுவதில்லை. கடைசிப் பக்கங்களில் "112: மாலை நடை போகிறவர்களின்" என்று பக்க எண்ணும் வாக்கியத்தின் முதல் சில சொற்களும் தந்து, அதையொட்டிச் சான்றைக் கொடுத்திருப்பார்கள்.

அங்கே ஆய்விதழ், ஆண்டு, பக்கம் என்று இருந்தால் நல்ல அறிகுறி. செய்தித்தாள் கட்டுரை இருந்தால் இரண்டாம் கைச் சரக்கு. இன்னொரு பொது வாசகர் நூல் இருந்தால் மூன்றாம் கை. அந்த 40% வழியில் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இப்படி மூன்று வாக்கியங்களைச் சோதியுங்கள். இரண்டுக்குச் சான்று இல்லையென்றால் அந்த நூலை நடைக்காக வாங்கலாம், எண்களுக்காக வாங்க வேண்டாம்.

ஆய்வுக்கட்டுரையின் பெயர் கிடைத்தால் அதன் சுருக்கம் பெரும்பாலும் இணையத்தில் இலவசம். எத்தனை பேர், யார், எவ்வளவு காலம், இந்த மூன்றை மட்டும் பாருங்கள். 30 கல்லூரி மாணவர்களிடம் ஒரு மதியம் செய்த சோதனை, நூலுக்குள் வரும்போது "மனிதர்கள்" ஆகியிருக்கும். எலிகளும் அப்படி மனிதர்களாவதுண்டு. சதவீதம் வந்தால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வந்த நோய் மூன்று பேருக்கு வந்தால் "50% உயர்வு" என்பது பொய்யில்லை. ஆயிரத்தில் ஒருவர் கூடினார் என்பதும் அதே கணக்குதான்.

சொல்லடைவையும் பயன்படுத்துங்கள். உங்கள் தொழில், உங்களுக்கு இருக்கும் நோய், நீங்கள் படித்த பாடம், எதை நூலாசிரியரைவிட நன்றாக அறிவீர்களோ அது சொல்லடைவில் இருந்தால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போங்கள். தெரிந்த இடத்தில் தடுமாறுபவர் தெரியாத இடத்தில் மட்டும் நிமிர்ந்து நடப்பார் என்று நம்பக் காரணமில்லை. மொழிபெயர்ப்பை வாங்கும்போது குறிப்புகளும் சொல்லடைவும் இருக்கின்றனவா என்று தனியே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தைக் குறைக்க அவற்றை வெட்டிவிடும் பதிப்புகள் உண்டு.

ஒற்றை ஆய்வின் மேல் கட்டிய அத்தியாயம்

உளவியல், பழக்கவழக்கம், உணவு பற்றிய நூல்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். 2015-இல் சயின்ஸ் இதழில் வந்த கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். அசல் ஆய்வுகளில் கிட்டத்தட்ட எல்லாமே புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவு வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாதவை. மறுபடி செய்தபோது தேறியவை 36 சதவீதம்தான். நூலாசிரியர் நேர்மையானவராக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடிவதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனின் 2011 நூலில், சில சொற்களைக் காட்டினாலே நடத்தை மாறிவிடும் என்ற வகை ஆய்வுகளுக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. அவற்றில் பல பின்னர் ஆட்டம் கண்டன. பலவீனமான ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017-இல் அவரே ஒப்புக்கொண்டார். நோபல் வாங்கியவர் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த அத்தியாயத்தை எடுத்துக்காட்டிப் பேசுபவர்கள் குறையவில்லை.

அத்தியாயத்தின் நடுத்தூணாக ஒரே ஆய்வு இருந்தால் அதன் பெயரோடு "replication" (மறுபடி செய்து பார்த்தல்) என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை.

நோபல் என்றதும் இன்னொன்று. பட்டம் எந்தத் துறையில் என்று பார்க்காமல் பெயரைப் பார்த்து வாங்குவது. லைனஸ் பாலிங் 1954-இல் வேதியியல் நோபலும் 1962-இல் அமைதி நோபலும் பெற்றவர்; வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டால் சளியைத் தடுக்கலாம் என்று 1970-இல் அவர் எழுதிய நூல் பரபரப்பாக விற்றது. பிந்தைய ஆய்வுகள் அந்த வாதத்தைத் தாங்கவில்லை.

நகலை அசலென்று வாங்குவது

பேசப்படும் நூல் வெளியான ஓரிரு நாளிலேயே "சுருக்கம்", "பயிற்சிக் கையேடு", "வாழ்க்கை வரலாறு" என்று அதே பெயர், அதே வண்ண அட்டையோடு இணையக் கடைகளில் பத்து முளைக்கும். பல இயந்திரம் எழுதியவை. 2023 ஆகஸ்டில், பதிப்புத் துறை பற்றி எழுதும் ஜேன் ஃப்ரீட்மன், தன் பெயரிலேயே தான் எழுதாத நூல்கள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். அடுத்த மாதமே அமேசான், சுயவெளியீடு செய்பவர்கள் ஒரு நாளில் மூன்று புது நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று வரம்பு வைத்தது. நாளுக்கு மூன்று என்பதே வரம்பு என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். நூலாசிரியரின் அல்லது பதிப்பகத்தின் தளத்தில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை (நூலின் தனி அடையாள எண்ணை) நகலெடுத்துக் கடையில் தேடுவதே பாதுகாப்பு. பதிப்பகப் பெயரே இல்லாத, நூறு பக்கத்துக்குக் குறைந்த "வாழ்க்கை வரலாறு" கண்ணில் பட்டால் விலகிப் போகலாம்.

வடிவத்தை யோசிக்காமல் தேர்வது

வரைபடமும் அட்டவணையும் நிறைந்த நூலை ஒலிநூலாக வாங்கினால் பாதி போய்விடும். சிலவற்றோடு படங்கள் தனிக் கோப்பாக வரும், பல பேர் அதைத் திறப்பதே இல்லை. தன்வரலாற்றை நூலாசிரியரே வாசித்திருந்தால் அச்சைவிட ஒலி நன்றாக இருக்கும். மின்னூலில் 70% தாண்டியதும் நூல் திடீரென முடிந்துபோனால் பயப்பட வேண்டாம், மீதி முழுக்கக் குறிப்புகளும் சொல்லடைவும். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலின் இலவச மாதிரி நூலின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 10% வரும். முன்னுரை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். முன்னுரையோ நூலில் மிகுந்த உழைப்போடு மெருகேற்றப்பட்ட பகுதி. அதை வைத்து மட்டும் முடிவெடுக்காமல், கூகுள் புக்ஸில் நடுப்பக்கங்கள் திறந்திருந்தால் ஐந்தாவது ஆறாவது அத்தியாயத்தில் நான்கு பக்கம் படியுங்கள். முன்னுரையில் சொன்னதையே வேறு உதாரணத்தோடு அங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தால், அது இழுத்து நீட்டப்பட்ட கட்டுரை. அந்த மூலக் கட்டுரையையோ நூலாசிரியரின் ஒரு மணி நேர உரையையோ தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது.

கெட்டி அட்டைப் பதிப்பு வந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் மென் அட்டை வரும். விலை குறைவு, திருத்தங்களும் சேர்ந்திருக்கலாம், சிலவற்றில் புதிய பின்னுரையும் இருக்கும். நடப்பு அரசியலுக்குக் காத்திருந்தால் விஷயம் ஆறிப்போகும். மருத்துவம், உணவு, உளவியல் நூல்களுக்குக் காத்திருப்பதே நல்லது, அதற்குள் துறைக்காரர்களின் மதிப்புரைகளும் வந்துவிடும். கிண்டிலில் வாங்கியிருந்தால் கணக்கு அமைப்புகளில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பதிப்பகம் திருத்திய பிறகும் உங்களிடம் பழைய பிழையே கிடக்கும்.

தவறு ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் பதிப்பகத்துக்கு எழுதலாம். பக்க எண், அச்சு வரிசையின் மிகச் சிறிய எண், தவறான வாக்கியம், சரியான தகவலுக்கான சான்று, இந்த நான்கும் ஒரே மின்னஞ்சலில் இருந்தால் போதும். அடுத்த அச்சுக்கான கோப்பு அனுப்பப்படுவதற்குள் கிடைத்தால் சேர்த்துக்கொள்வார்கள்.