இணைத்த வேர்டு கோப்பில் எழுத்தமைப்பு குலையாமல் காப்பது எப்படி?

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் எழுதக்கூடியவர்களுக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. தொண்டியிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் ஊர் மலருக்கான கட்டுரைகள் வேர்டு கோப்புகளாக வருகின்றன. அச்சுக்குப் போகும் நாள்வரை அவற்றில் திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. கோப்பைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒட்டாமல் இணைத்து வைத்தால், திருத்தம் வந்ததும் இணைப்பைப் புதுப்பித்தால் போதும். ஆனால் அப்படிப் புதுப்பிக்கும்போது கோப்பு முழுவதும் மறுபடி உள்ளே வருவதால், இன்டிசைனுக்குள் கையால் செய்த எழுத்து மாற்றங்கள் அனைத்தும் அழிந்துவிடும். ஒரு மலரில் ஒரே ஒரு ஆண்டைத் திருத்துவதற்காக இணைப்பைப் புதுப்பித்து, வரிவரியாக இடைவெளி சரிசெய்த இரண்டு நாள் உழைப்பை நான் இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து எழுத்தின் தோற்றத்தை ஸ்டைல்களில், அதாவது பெயரிட்டுச் சேமித்த எழுத்தமைப்புகளில், மட்டுமே வைக்கிறேன்.

முதல் வேலை வேர்டிலேயே தொடங்குகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை வந்தால், அதை வேர்டு கோப்பிலேயே யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். இன்டிசைனில் வந்தபின் மாற்றினால் அடுத்த புதுப்பித்தலில் பழைய குறியீடே திரும்பி வந்து, யூனிகோடு எழுத்துருவின்கீழ் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அடுத்து, முழு உரையையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்–ஸ்பேஸ், கன்ட்ரோல்–கியூ ஆகிய இரண்டையும் அழுத்தினால் எழுதியவர் ஆங்காங்கே இட்ட தடிப்பும் சாய்வும் உள்தள்ளலும் நீங்கும். தேவையான சாய்வெழுத்தும் அதனுடன் போய்விடும் என்பதால், மூலப்படி ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உடற்பகுதி, உபதலைப்பு, படக்குறிப்பு ஆகியவற்றுக்குப் பத்தி ஸ்டைல்களை இடுங்கள். ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றிய கட்டுரையில் வரும் அறிவியல் பெயரைச் சாய்ப்பதற்குக்கூடத் தனி எழுத்து ஸ்டைல் ஒன்றை உருவாக்குவதே சரி.

ஸ்டைல்களின் பெயர்கள் இரு மென்பொருள்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே தமிழ்ப் பெயருக்கு ஓர் இடர் உண்டு: ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்களாகிவிடக்கூடும். அதனால் ஸ்டைல் பெயர்களை மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் இடுகிறேன்.

இன்டிசைனில் அதே பெயர்களில் ஸ்டைல்களை உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே தாய் ஸ்டைலின்மேல் அமைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுப்பது தமிழுக்கு மிக முக்கியம். இல்லாவிட்டால் எகர, ஏகரக் கொம்புகள் மெய்க்குப் பின்னால் போய் நின்று சொற்கள் சிதைந்துவிடும். எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துரு வேண்டுமென்றால் அதையும் கையால் மாற்றாமல், பத்தி ஸ்டைலுக்குள் உள்ள, குறிப்பிட்ட வகை எழுத்துகளைத் தானே கண்டறிந்து அவற்றுக்கு ஸ்டைல் இடும் கிரெப் ஸ்டைலில் அமைத்துவிட்டால், எத்தனை முறை புதுப்பித்தாலும் அது தானாகவே பொருந்தும்.

இனி இணைப்பு. பிரிஃபரன்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதிக்குப் போய், உரைக் கோப்புகளை வைக்கும்போது இணைப்பு உருவாக்கும் தேர்வை இயக்குங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். கன்ட்ரோல்–டி அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதையும் குறியிடுங்கள். திறக்கும் பெட்டியில் ஸ்டைல்களைத் தக்கவைக்கும்படியும், ஒரே பெயருள்ள ஸ்டைல்கள் மோதினால் இன்டிசைன் வரையறையே நிலைக்கும்படியும் அமைக்க வேண்டும்.

உடனே பக்கங்களை அடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். வேர்டில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்து, லிங்க்ஸ் பேனலில் தோன்றும் மஞ்சள் முக்கோணத்தை இருமுறை சொடுக்கிப் புதுப்பித்துப் பாருங்கள். ஸ்டைல் பெயருக்கு அருகில் கூட்டல் குறி தெரிந்தால், ஸ்டைலுக்கு வெளியே ஏதோ ஒரு மாற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை வேர்டு கோப்பில் தேடித் திருத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் திருத்தப்படி, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஓர் எண்ணுடன் இறங்குவது உண்டு. அதைத் தூய்மைப்படுத்தி, ஸ்டைல் இட்டு, பழைய பெயரிலேயே அதே கோப்புறையில் சேமித்தால்தான் இணைப்பு அதைக் கண்டுகொள்ளும். எழுதியவர் ஓரிரு சொற்களை மட்டும் மாற்றியிருந்தால், அவற்றை உங்கள் கோப்பிலேயே தட்டச்சு செய்வது எளிது.

பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்குவது, இரண்டு சொற்களை நெருக்கி ஒரு வரியை மிச்சப்படுத்துவது போன்ற நுண்வேலைகளை இறுதிவரை தள்ளிப்போடுங்கள். எழுதியவர்கள் அனைவரும் மெய்ப்புப் பார்த்து ஒப்புதல் தந்தபின், லிங்க்ஸ் பேனல் மெனுவில் ‘அன்லிங்க்’ கொடுத்து உரையைப் பக்கத்தோடு நிலைநிறுத்திவிட்டு அவற்றைச் செய்யுங்கள். அதன்பின் வரும் திருத்தங்களை இன்டிசைனிலேயே நேரடியாகச் செய்துகொள்ளலாம்.