தகுதித் தேர்வு எழுதினால் சம்பளம் ஏறுமா? கட்டணம் கட்டும் முன் கணக்குப் பார்க்கும் வழி

முதலில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: நீங்கள் வாங்கப்போகும் தகுதியின் பெயர் ஏதாவது சட்டத்திலோ சம்பள ஒப்பந்தத்திலோ இருக்கிறதா? ஒப்பந்தத்தில் இருந்தால் எவ்வளவு ஏறும் என்று பைசா சுத்தமாகச் சொல்லிவிடலாம்.

இதற்கு நல்ல உதாரணம் பொதுத்துறை வங்கி. ஐ.ஐ.பி.எஃப். என்ற வங்கியியல் பயிற்சி நிறுவனம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்ற முதல்கட்டத் தேர்வில் தேறினால் இன்கிரிமென்ட் உண்டு. அதற்கு அடுத்த கட்டமான சி.ஏ.ஐ.ஐ.பி.யும் முடித்தால் மேலும் உண்டு. எத்தனை என்பது கிளார்க்குக்கும் ஆபீசருக்கும் ஒன்றல்ல. உங்கள் வங்கியின் சுற்றறிக்கையைப் பாருங்கள். 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதியத் திருத்த ஒப்பந்தப்படி ஸ்கேல் 1 (தொடக்க நிலை) ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்குகிறது, முதல் ஏழு இன்கிரிமென்ட்டும் தலா 2,000. கிளார்க்குக்குத் தொடக்கம் 24,050, முதல் மூன்றும் தலா 1,340.

அந்த 2,000-த்தோடு கணக்கு முடியவில்லை. அதன்மேல் அகவிலைப்படி ஏறும், வீட்டு வாடகைப்படி ஏறும். என்.பி.எஸ். என்ற ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வங்கி செலுத்துகிறது, அதுவும் கூடும். ஆகவே சேர்ந்த முதல் வருடத்திலேயே எழுதுபவருக்குத்தான் லாபம் அதிகம். ஸ்கேலின் உச்சியைத் தொட்டவருக்கு ஏற இன்கிரிமென்ட் இருக்காது. அதற்கு ஈடாகத் தகுதிக்கென்று தனியாக ஒரு படி (அலவன்ஸ்) தருகிறார்கள்.

பலர் சறுக்குவது தாள்களைப் பிரித்து எழுதுவதில். ஒவ்வொரு தாளிலும் 50 மதிப்பெண் வேண்டும். ஆனால் எல்லாத் தாளிலும் குறைந்தது 45 எடுத்து, மொத்தத்தில் 50 சதவீதம் வந்தாலும் தேர்ச்சிதான். இந்தச் சலுகை ஒரே முயற்சியில் எல்லாத் தாளையும் எழுதுபவருக்கு மட்டும். கணக்குத் தாளை அடுத்த முறைக்குத் தள்ளினால் சலுகை போயிற்று. ரிசல்ட் வந்ததும் சான்றிதழ் நகலைக் கொடுத்து, பணிப்பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.

இதே தேர்வுக்குப் புதிய தலைமுறைத் தனியார் வங்கிகளில் தானாக ஏற்றம் கிடையாது. அவை அந்த ஒப்பந்தத்துக்குள் வராதவை. மத்திய அரசு ஊழியருக்கு வேறு கதை: பணியில் சேர்ந்தபின் வேலைக்குத் தொடர்புள்ள உயர்படிப்பு முடித்தால், 2019 உத்தரவுப்படி 10,000 முதல் 30,000 ரூபாய் வரை. அதுவும் மொத்தத் தொகையாக ஒரே தவணையில். மாதாமாதம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சட்டம் கேட்கும் தகுதியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வரம்பு மாறும். முன்பு 5 கோடி ரூபாய் செலுத்திய மூலதனம் (பங்குதாரர்கள் கட்டிய பணம்) உள்ள தனியார் நிறுவனத்துக்கே முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி கட்டாயம். 2020-இல் அது 10 கோடியானது, இடைப்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம் விலகியது. இன்னொன்று, சட்டம் வேலையைத் தரும், சம்பளத்தைத் தராது. 1948 மருந்தியல் சட்டப்படி பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்து கொடுக்க முடியாது. ஆனாலும் அதற்கான டி.பார்ம். டிப்ளமோ முடித்தவர்கள் ஏராளம் என்பதால் மெடிக்கல் ஷாப் சம்பளம் பெரிதாக ஏறுவதில்லை. சான்றிதழை வாடகைக்குக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். கடையில் தவறு நடந்தால் பதிவே போகலாம்.

பெயர் எதிலும் இல்லையென்றால், வேலை விளம்பரங்களைப் பாருங்கள்: உங்கள் தகுதி "கட்டாயம்" என்று வருகிறதா, "இருந்தால் நல்லது" என்றா? இரண்டாவதுதான் அதிகம் என்றால், கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஏற்றால், எத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்ட் இருக்கிறதா என்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.