கெயின் எவ்வளவு வைப்பது?

வீட்டில் பதிவு செய்து அனுப்பும் ஆடியோக்களைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. ஒலிப்புத்தகம் படிப்பவர்கள், பாட்டு டீச்சர்கள், மிருதங்கக்காரர்கள் என்று பலர் அனுப்புவார்கள். சன்னமாக வந்த பதிவைப் பார்த்து நான் அலட்டிக்கொள்வதில்லை, ஏற்றிக்கொள்ளலாம். அளவு மீறிச் சிவப்பைத் தொட்டு வந்தால்தான் சிக்கல். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. அதற்கு மேலே போன ஒலியைக் குறித்துவைக்க எண்ணே கிடையாது. அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். அதைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் அவை செய்வது ஊகம்தான். நல்ல பாடகரின் குரலை ஊகத்தில் விட எனக்கு மனம் வராது.

எல்லோரும் முதலில் கேட்பது, "கெயின் திருகை எந்த எண்ணில் வைக்கணும்?" என்பதுதான். மைக்கிலிருந்து வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதுதான் கெயின். அதற்கென்று ஓர் எண் இல்லை. ஷூர் எஸ்எம்7பி மாதிரி டைனமிக் மைக்குக்கு 60 டெசிபல் வரை கெயின் தேவைப்படும், திருகு கடைசி வரை போனாலும் பயப்பட வேண்டாம். மின்சாரம் கொடுத்து இயக்கும், சன்னமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் என்றால் பாதிக்கும் கீழேயே போதுமானதாக இருக்கலாம். பார்க்க வேண்டியது, பதிவு மென்பொருளில் ஒலியின் அளவைக் காட்டும் மீட்டரை.

ஆனால் திருகைத் தொடும் முன்னால் இடத்தைச் சரிசெய்யுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்டக் கெயினை ஏற்றினால் அறையின் எதிரொலி, தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் சேர்ந்தே ஏறும். ரொம்ப ஒட்டி உட்கார்ந்தாலும் ஆகாது. குரலில் அடித்தொனி வீங்கும், 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும்.

அப்புறம் கணினி. ஒலியை எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்குவது என்ற அமைப்பைப் பதிவு மென்பொருளில் 24 பிட்டில் வையுங்கள். மைக் அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி எங்காவது இயங்கினால் அணைத்துவிடுங்கள். நீங்கள் மூச்சு விடும் இடைவெளியில் அது கெயினை ஏற்றி, அறை இரைச்சலைத் தூக்கிக்கொண்டு வரும். இன்னொன்று, ஹெட்ஃபோன் திருகு வேறு, கெயின் திருகு வேறு. காதில் சத்தம் போதவில்லை என்று கெயினைத் திருப்புகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, இப்போது அளவு வைப்போம். கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு மைக்கைச் செருகுங்கள். கண்டென்சர் என்றால், மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை அதன் பிறகு அழுத்துங்கள். "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் பதிவிலேயே எது அதிக சத்தமோ அதைச் செய்யுங்கள். கதை படிப்பவர் என்றால் சண்டைக் காட்சியின் வசனம். பாடுபவர் என்றால் தார ஸ்தாயியில் நின்று கார்வை கொடுக்கும் இடம். அதைச் செய்துகொண்டே கெயினை ஏற்றுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் வந்ததும் நிறுத்தி, இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். சோதனையில் அடக்கி வாசிப்பவர்கள் சூடு பிடித்ததும் கத்துவார்கள், அதற்குத்தான் இந்தக் கழிவு. சாதாரணக் குரல் மைனஸ் 20 சுற்றி ஆடும். திரையில் அலை ஒல்லியாகத் தெரியும். இருக்கட்டும்.

"முடிந்தவரை சத்தமாகப் பதிவு செய்" என்பது நாடா காலத்து அறிவுரை. நாடாவின் இரைச்சலுக்கு மேலே குரல் நிற்க வேண்டியிருந்தது. 16 பிட்டில் கோட்பாட்டளவில் கிடைப்பது 96 டெசிபல் வீச்சு (உச்சத்துக்கும் பதிவின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி), 24 பிட்டில் 144. நம் வீட்டு அறையின் இரைச்சல் பதிவின் அந்தச் சொந்த இரைச்சலுக்கு வெகு மேலே இருக்கிறது. ஆகவே சன்னமாகப் பதிவு செய்வதால் இழப்பு ஒன்றுமில்லை. ஒலிப்புத்தகக்காரர்கள் ஏசிஎக்ஸ் என்ற ஒலிப்புத்தகத் தளத்தின் விதியைக் காட்டி, உச்சம் மைனஸ் 3, சராசரி மைனஸ் 23 முதல் 18 என்று வாதிடுவார்கள். அது முடித்துக் கொடுக்கும் கோப்புக்கான கணக்கு, அங்கே கொண்டுபோவது என் பொறுப்பு.

மிருதங்கத்துக்குத் தனி நிதானம் வேண்டும். ஒவ்வொரு சொல்லும், அதாவது அடியும், சட்டென்று எழுந்து அடங்குவதால் கண் உச்சத்தைத் தவறவிடும். மீட்டரில் உச்சத்தைப் பிடித்துவைக்கும் கோட்டைப் பாருங்கள். வலந்தலை, தொப்பி இரண்டும் சேர்ந்து முழங்கும் கோர்வையை வாசிக்கச் சொல்லி, மைனஸ் 12க்கு மேல் போகாமல் வையுங்கள்.

சில சமயம் மீட்டர் மைனஸ் 6ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் ஒலி கரகரக்கும். அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த உயரத்திலேயே தலை தட்டையாக இருக்கும். அப்படியானால் வெட்டு மென்பொருளுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் சிவப்பு எரிந்தால் அங்கே கெயினைக் குறையுங்கள். எரியவில்லை என்றால் மைக்கே திணறுகிறது, அதில் ஒலியளவை மட்டுப்படுத்தும் பேட் பொத்தான் இருந்தால் போடுங்கள் அல்லது மைக்கைத் தள்ளி வையுங்கள். மென்பொருளில் அளவைக் குறைத்தால் தட்டையான அலை குட்டியாகும், அவ்வளவுதான். ஆடாசிட்டி போன்ற பதிவு மென்பொருளில் 32 பிட் ஃப்ளோட் என்ற அகலமான வீச்சைப் போட்டிருப்பதும் இங்கே காப்பாற்றாது.

அளவு வைத்தபின் பதிவு முடியும்வரை திருகைத் தொடாதீர்கள். மறுநாள் தொடர்வதாக இருந்தால் திருகு நிற்கும் இடத்தையும் மைக் நிற்கும் இடத்தையும் ஃபோனில் படமெடுத்து வையுங்கள். தொடக்கத்தில் பத்து நொடி யாரும் பேசாத அறையையும் பதிவு செய்யுங்கள், இரைச்சலை நீக்க அது எனக்கு வேண்டும். அனுப்பும்போது நார்மலைஸ் செய்யாமல் (உச்சத்தை ஓர் அளவுக்கு ஏற்றாமல்), எம்பி3 ஆக்காமல், வேவ் கோப்பாகவே அனுப்புங்கள்.