ட்ராக் காருக்கு ஸ்ப்ரிங் எடுக்கறீங்களா? ஸ்கொயர் பண்ண மறந்துடாதீங்க

ரேஸ் ட்ராக்ல ஓட்டற ஒரே காருக்கு ரெண்டு தடவை பின்பக்க ஸ்ப்ரிங் வாங்கினவன் எழுதறேன், நீங்களாவது ஒரு தடவையோட முடிச்சுக்கோங்க. இத்தனைக்கும் முதல் தடவை நான் கண்ண மூடிட்டு வாங்கல, உக்காந்து கணக்கு போட்டுத்தான் வாங்கினேன், அப்படியும் சொதப்பிடுச்சு. எங்கன்னு ஸ்டெப் 3ல வரும்.

5 கிலோ ஸ்ப்ரிங், 7 கிலோ ஸ்ப்ரிங்னு சொல்றது எல்லாம் கிலோ/மிமீ, அதாவது ஸ்ப்ரிங்க 1 மிமீ அமுக்க எத்தன கிலோ வேணும்ங்கறது. பவுண்ட்/இன்ச்ல போட்டிருந்தா 56ஆல வகுத்துக்கோங்க.

ஸ்டெப் 1: எடை

நாலு சக்கரத்துலயும் தனித்தனியா எடை பாருங்க, ஓட்டற ஆள் உள்ள உக்காந்திருக்கணும், டேங்க் பாதி இருக்கணும். அதுல ஸ்ப்ரிங் தாங்காத எடைய கழிக்கணும், அதாவது வீல், டயர், பிரேக், ஹப் (வீல் மாட்டற நடுப்பகுதி), அப்புறம் அத பாடியோட சேக்கற ஆர்ம்ல பாதி. எனக்கு முன்னாடி ஒரு பக்கம் 320ல 35 போக 285 கிலோ, பின்னாடி 210ல 30 போக 180. ரெண்டு மூணு கிலோ முன்னபின்ன இருந்தா கவலைப்படாதீங்க.

ஸ்டெப் 2: எத்தன ஹெர்ட்ஸ்?

"உன் கார்ல எத்தன கிலோ போட்டிருக்க"ன்னு பக்கத்து கார்காரர்கிட்ட கேக்கறதுல அர்த்தமே இல்ல, அவர் கார் எடை வேற, ஆர்ம் நீளம் வேற. ஸ்ப்ரிங் மேல பாடி ஒரு செகண்டுக்கு எத்தன தடவை ஆடும்ங்கறதுதான் எல்லா காருக்கும் பொதுவான அளவு. சாதாரண ரோடு கார் 1லேர்ந்து 1.5 ஹெர்ட்ஸ்குள்ள இருக்கும், டவுன்ஃபோர்ஸ் (காத்து கார கீழ அழுத்தற விசை) நிறைய இருக்கற ரேஸ் கார் 3க்கு மேல போகும். விங் எதுவும் இல்லாம செமி ஸ்லிக் டயர் (பள்ளம் கம்மியா இருக்கற ட்ராக் டயர்) போட்டு ஓட்டற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு 2 பக்கம் போதும். வீம்புக்கு 3 போட்டீங்கன்னா பம்ப் (மேடு) வந்தா டயர் தரைய விட்டு குதிக்கும், க்ரிப் போயிடும்.

முன்னாடி 2.0, பின்னாடி 2.2 எடுத்துக்கிட்டேன். பம்ப்ல முன் சக்கரம் முதல்ல ஏறும், பின்னாடி கொஞ்சம் வேகமா ஆடினாத்தான் அத எட்டிப்பிடிச்சு பாடி ஊஞ்சல் ஆடாம இருக்கும். 1930கள்லயே மாரிஸ் ஒல்லிங்கற இஞ்சினியர் சொன்ன விஷயம் இது. ட்ராக்ல சிலபேர் உல்டாவா முன்னாடி அதிகம் வைப்பாங்க, ஆனா ஆரம்பிக்கறதுக்கு எனக்கு பின்னாடி அதிகம் வைக்கறதுதான் பிடிச்சிருக்கு.

ஸ்டெப் 3: மோஷன் ரேஷியோ

சக்கரம் 40 மிமீ மேல போனா ஸ்ப்ரிங்கும் 40 மிமீ அமுங்காது, அது ஆர்ம்ல கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்திருக்கும். அளக்கறதுக்கு கார ஆக்சில் ஸ்டாண்ட்ல நிறுத்திட்டு (ஜாக்க மட்டும் நம்பி கீழ கைய விடாதீங்க) ஸ்ப்ரிங்க கழட்டுங்க, ஆன்டி ரோல் பார் (ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைக்கற கம்பி) லிங்க்கையும் கழட்டுங்க, ஹப்ப ஜாக்கால ஓட்டற உயரத்துக்கு கொண்டுவந்து அங்கேர்ந்து 10 மிமீ 10 மிமீயா ஏத்தி, ஸ்ப்ரிங் உக்கார்ற ரெண்டு தட்டுக்கும் நடுவுல எவ்வளவு குறையுதுன்னு குறிச்சுக்கோங்க. எனக்கு பின்னாடி ஹப் 40 ஏறினா ஸ்ப்ரிங் 28 அமுங்குச்சு. 28/40 = 0.7, இதுதான் மோஷன் ரேஷியோ. முன்னாடி ஸ்ப்ரிங் சக்கரத்துக்கு பக்கத்துலயே நிக்கற ஸ்ட்ரட்டுங்கறதால 0.95.

இப்போ கணக்கு. 39.5 × ஹெர்ட்ஸ் × ஹெர்ட்ஸ் × கிலோ (ஸ்டெப் 1ல கழிச்சு வந்தது), வர்றத 1000ஆல வகுத்தா சக்கரத்துல வேண்டிய ரேட் (எவ்வளவு ஹார்டா இருக்கணும்ங்கற அளவு), நியூட்டன்/மிமீல. எனக்கு பின்னாடி 34.4. இத 0.7ஆல வகுத்தேன், 49 வந்துச்சு, 9.81ஆல வகுத்தா 5 கிலோ, ஆர்டர் போட்டாச்சு!

தப்பு. 0.7 × 0.7 = 0.49ஆலதான் வகுக்கணும். ஏன்னா நெம்புகோல் ரெண்டு தடவை வேலை செய்யுது, ஸ்ப்ரிங் அமுங்கறதும் குறையுது, அது தர்ற விசை சக்கரத்துக்கு வந்து சேரும்போதும் குறையுது. 34.4/0.49 = 70, அதாவது 7 கிலோ. நான் போட்ட 5 கிலோல பின்னாடி 1.84 ஹெர்ட்ஸ்தான் வந்திருக்கு, அது தெரியாம கார் மூக்கு திரும்ப மாட்டேங்குதுன்னு ஒரு நாள் முழுக்க டயர் பிரஷர மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தேன். முன்பக்கம் எப்படி தப்பிச்சுதுன்னா, 0.95ஆல வகுத்தாலும் 0.9ஆல வகுத்தாலும் ரவுண்ட் பண்ணினா அதே 5 கிலோதான்.

ஸ்டெப் 4: வாங்கறது

லீனியர் ஸ்ப்ரிங்கே (எவ்வளவு அமுங்கினாலும் ரேட் மாறாதது) வாங்குங்க. அமுங்க அமுங்க ரேட் ஏறற ப்ராக்ரஸிவ்ல எந்த இடத்துல என்ன ரேட்னு தெரியாம மேல போட்ட கணக்கு எல்லாம் வீண். ஷாக்கோட (ஷாக் அப்சார்பர்) ரீபவுண்ட், அதாவது ஸ்ப்ரிங் திரும்ப விரியறத தடுக்கற வேலை, புது ஸ்ப்ரிங்க அடக்குமான்னும் கேட்டுக்கோங்க, கம்பெனியில போட்டு வந்த ஸ்டாக் ஷாக்ல 7 கிலோ போட்டா பந்து மாதிரி துள்ளும். ஷாக் ராட்ல ஒரு கேபிள் டை மாட்டிட்டு ஓட்டுங்க, அது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்கினா முட்டற ரப்பர்) வரைக்கும் போய் ஒட்டிக்கிட்டிருந்தா ஒண்ணு ஸ்ப்ரிங் இன்னும் ஹார்டா வேணும், இல்ல கார் ரொம்ப தாழ்ந்திருக்குன்னு அர்த்தம்.

அப்டேட்: கமென்ட்ல ஒருத்தர் ரேஷியோ 1.4 வருதுன்னு கேட்டிருந்தார். நீங்க சக்கரத்த ஸ்ப்ரிங்கால வகுத்திருக்கீங்க, தலைகீழா போடுங்க.

அப்டேட் 2: பின்னாடி ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனியா இருக்கற கார்ல ஷாக்க அளந்து கணக்கு போட்டுட்டதா ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. ரெண்டுக்கும் ரேஷியோ வேற, ஸ்ப்ரிங்க அளங்க. காயில்ஓவர் (ஷாக்க சுத்தி ஸ்ப்ரிங் இருக்கற செட்) மாட்டி ஸ்ப்ரிங்க ஷாக் மேலயே கொண்டுவந்துட்டீங்கன்னா மட்டும் ஷாக்கோட ரேஷியோ.