1:32 டக் படகு (இழுவைப் படகு) மாடல்: கைப்பிடிக் கம்பியும் பொல்லார்டும் (கயிறு கட்டும் குட்டைத் தூண்)

மாடல் படகின் உடல் எவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தாலும், தளத்தின் கைப்பிடிக் கம்பி தடித்துப்போனால் மொத்தமும் பொம்மையாகத் தெரியும். அதனால் முதல் வேலை அளவெடுப்பது. படகின் வரைபடம் கையில் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லையென்றால் கப்பல்களுக்கான சர்வதேச சுமைக்கோட்டு விதிகளே நல்ல வழிகாட்டி. கைப்பிடியின் உயரம் குறைந்தது 1 மீட்டர். அடிக்கம்பிக்குக் கீழே 230 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, மற்றக் கம்பிகளுக்கு இடையே 380 மி.மீ. வரை போகலாம். தூண்கள் ஏறக்குறைய 1.5 மீட்டருக்கு ஒன்று, மூன்றில் ஒரு தூணுக்காவது சாய்வுத் தாங்கல். 32ஆல் வகுத்தால் முறையே 31, 7, 12, 47 மி.மீ.

தூணுக்கு 1.2 மி.மீ. பித்தளைக் கம்பியும், படுக்கைக் கம்பிகளுக்கு 0.8 மி.மீ. கம்பியும் சரியாக இருக்கும். சுருளாக வாங்கிய கம்பியின் ஒரு முனையை வைஸில் கடிக்கவிட்டு, மறுமுனையைக் குறட்டால் பிடித்து, சற்றே நீளும்வரை இழுங்கள். நேராவதோடு விறைப்பும் கூடும். தூணை 37 மி.மீ.க்கு வெட்டுங்கள், 6 மி.மீ. தளத்துக்குள் இறங்கிவிடும். 1.2 மி.மீ. கம்பியில் 0.8 மி.மீ. துளை போட முயல வேண்டாம், மிச்சமிருக்கும் ஓரம் கிழிந்துவிடும். தூணின் பக்கவாட்டிலும் தலையிலும் உருண்டை அரத்தால் லேசாகப் பள்ளம் எடுத்தால், படுக்கைக் கம்பி அதில் நகராமல் உட்காரும்.

எம்டிஎஃப் பலகையில் கோடுகள் வரைந்து, தூண்களைக் குண்டூசியால் நிறுத்தி, அதன் மேல் சால்டரிங் செய்யுங்கள். 25 வாட் அயர்ன் போதும். மூட்டுக்கு ஒரு துளி பிளக்ஸ் (ஈயம் உலோகத்தில் பற்ற உதவும் பூச்சு), கடுகளவு ஈயம். அதிகமானால் மூட்டு முடிச்சுப்போல வீங்கிவிடும், பிறகு அரத்தால் தேய்த்தே நாள் போகும். ஒரே தூணில் அடுத்தடுத்து வைத்தால் பித்தளை சூட்டைக் கடத்தி, முன்பு வைத்த மூட்டை அவிழ்த்துவிடும். தூணுக்குத் தூண் தாவி வேலை செய்யுங்கள், முடிந்த மூட்டின்மேல் ஈரப்பஞ்சு வையுங்கள்.

முன்பக்கம் தளம் வளைந்து மேலேறுவதால் பலகையில் செய்த நேர்வேலி அங்கே பொருந்தாது. தளத்தில் துளைபோட்டுத் தூண்களை ஒட்டாமல் நிறுத்துங்கள். தளத்தை ஈரத்துணியால் மூடி, மேல்கம்பியை மட்டும் அங்கேயே பற்றவைத்து, முழுதாக உருவி எடுத்து மீதியை மேசையில் முடியுங்கள். இதற்கு எல்லாத் துளைகளும் நீர்க்கோட்டுக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு துளை சாய்ந்தாலும் வேலி வெளியே வராது. இந்த இடத்தில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. துளைகளுக்குள் எபாக்ஸி (அரால்டைட் போன்ற இருகூறுப் பசை) தடவுங்கள். இல்லையேல் பிளைவுட்டுக்குள் தண்ணீர் இறங்கி அடுக்குகள் பிரியும்.

பொல்லார்டுக்கு 6 மி.மீ. பித்தளைக் குழாய், தலைக்கு 7.5 மி.மீ. பிளாஸ்டிக் வட்டத் தகடு, அடியில் 1 மி.மீ. தகடு. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை பித்தளையைப் பிடிக்காது, அரால்டைட் போடுங்கள். குழாயின் நடுவே 2 மி.மீ. கம்பியைச் செருகி எபாக்ஸியால் நிறுத்தி, அது தளத்தைத் துளைத்துக் கீழே இறங்குமாறு விடுங்கள். ஓட்டும் மாடலில் யாராவது அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், வெறும் ஒட்டு தாங்காது.

பெயின்டுக்கு முன் ஆப்பசோடா கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். பிளக்ஸ் மிச்சமிருந்தால் சில வாரங்களில் பெயின்டுக்கு அடியிலிருந்து பச்சைக் களிம்பு கிளம்பும். உலர்ந்ததும் உலோகத்துக்கான எட்ச் பிரைமர், பிறகு மங்கல் பெயின்ட், இரண்டும் மெல்லிய பூச்சாக. ஒட்டும் இடங்களில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பசை பெயின்டை மட்டுமே பிடித்திருக்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி வெண்படலமாகப் படியும், ஈரக்காற்றுள்ள ஊர்களில் இன்னும் மோசம். அங்கே பெவிக்கால் போதும்.